சாம்பர் ஏரியில் பறவைகள் கொத்துக் கொத்தாக மடிந்தது ஏன்?

ராஜஸ்தான் மாநிலம் ஜெய்ப்பூரை அடுத்த சாம்பர் உப்பு ஏரியின் கரையில், 2019-ம் ஆண்டு நவம்பர் மாதம் ஆயிரக்கணக்கான பறவைகள் இறந்து கிடந்தன. வலசை வந்த பறவைகள் பறவைக் காய்ச்சலைச் சுமந்து வந்துவிட்டனவோ என்ற அச்சமே முதலில் எழுந்தது. போபால் ஆய்வகத்தில் நடந்த பரிசோதனையில் அந்த வைரஸ் இல்லை எனத் தெரியவந்தது. பின்னர், பரேலியில் உள்ள இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம், 'போட்டுலிசம்' என்ற நச்சுப் பாதிப்பே காரணம் என்று உறுதிப்படுத்தியது. அதற்குள் 18 ஆயிரத்துக்கும் அதிகமான பறவைகள் மடிந்துவிட்டன.

'கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம்' என்ற பாக்டீரியாவே இந்த நச்சை உருவாக்குகிறது. அதன் வித்துகள் ஏரிச் சேற்றில் பல ஆண்டுகள் செயலற்றுக் கிடக்கக்கூடியவை. வெப்பமும், ஆக்சிஜன் இல்லாத சூழலும், அழுகும் உயிரினங்களும் ஒருசேர அமைந்தால் அவை முளைத்துப் பெருகும். அந்த ஆண்டு நல்ல மழையால் ஏரி நிரம்பியது. பின்னர் நீர்மட்டம் மாறியதில் சிற்றுயிர்கள் மடிந்து, பாக்டீரியாவுக்கு ஏற்ற சூழல் உருவானதாக ஆய்வாளர்கள் கருதினர்.

நச்சு நரம்புகளைத் தாக்குவதால் பறவையின் கால்களும் இறக்கைகளும் செயலிழக்கும், கழுத்து துவளும். தலையைத் தூக்க இயலாமல் நீரில் மூழ்கியே பல பறவைகள் இறந்துவிடும்.

இதைவிடக் கொடியது அடுத்த கட்டம். இறந்த பறவையின் உடலில் ஈக்கள் முட்டையிடும். அதில் நெளியும் புழுக்களை நச்சு பாதிப்பதில்லை. அவற்றின் உடலில் சேர்ந்துகொள்ளும். அப்புழுக்களைக் கொத்தித் தின்னும் நலமான பறவையும் சாயும். எனவே, சடலங்களை விரைந்து அகற்றிப் புதைப்பதே நோயைத் தடுக்கும் முதன்மை வழி. சாம்பரில் மாநில பேரிடர் மீட்புப் படையினரும் அப்பணியில் இறக்கப்பட்டனர். உயர் நீதிமன்றமும் இவ்விவகாரத்தைத் தாமாக முன்வந்து விசாரித்தது.

அதற்காக, வலசைப் பறவைகள் நோய்க்கிருமிகளைச் சுமப்பதே இல்லை என்று கூற இயலாது. சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் அவற்றின் எச்சம் வழியாக நீர்நிலைகளில் கலக்கக்கூடும். நலமான பறவையின் குடலிலும் போட்டுலினம் வித்துகள் இருக்கலாம். எனினும், வித்து வந்து சேர்வதால் மட்டும் பறவைகள் மடிவதில்லை. அது எத்தகைய ஏரியில் விழுகிறது என்பதே முக்கியம்.

பறவைகளைக் கொல்லும் 'சி' வகை நச்சு மனிதர்களைப் பாதிப்பது மிக அரிது. ஆயினும், இறந்த பறவைகளை வெறுங்கையால் தொடாமல் வனத்துறைக்கோ கால்நடைத் துறைக்கோ தகவல் தெரிவிப்பதே பாதுகாப்பானது.

2024-ம் ஆண்டின் வலசைக் காலத்திலும் இதே ஏரியில் போட்டுலிசம் தலைகாட்டியது. அப்போது நூற்றுக்கணக்கான பறவைகள் உயிரிழந்தன.