தென்னை நிழலும் பணம் தரும்

குமரி மாவட்டத்தில் வீட்டு விளை என்றால் அதில் தென்னை நிற்கும். 25 அடி இடைவெளியில் நட்டால் 10 சென்ட் விளையில் 7 மரங்கள் வரும். மரத்தடி நிழலில் ஒன்றும் விளையாது என்று பலர் அந்த நிலத்தைச் சும்மா விட்டுவிடுகிறார்கள். தேங்காய் விலை இறங்கும் ஆண்டில் வீட்டுச் செலவுக்கு வேறு வழி இல்லாமல் போகிறது.

ஒரு மரத்துக்குரிய இடம் 625 சதுர அடி. அதன் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி தூரைச் சுற்றி 6 அடிக்குள் அடங்கிவிடும். இந்த வட்டம் 113 சதுர அடிதான். மீதி ஐந்தில் நான்கு பங்கு நிலம் ஊடுபயிருக்கு ஏற்றது.

மரத்தின் வயது

முதல் 7 ஆண்டுகள் வெயில் நன்றாக விழும். வாழை, மரச்சீனி, காய்கறி எல்லாம் வரும். அதன்பின் 20, 25 ஆண்டு வரை நிழல் அடர்த்தியாக இருக்கும். அப்போது சேனை, சேம்பு, மஞ்சள் போன்றவையே தாக்குப்பிடிக்கும். விளைச்சல் சற்றுக் குறையும். 25 ஆண்டு கடந்த மரங்களுக்கிடையே மட்டி, செவ்வாழை, மிளகு, ஜாதிக்காய் பயிரிடலாம்.

சேனை

மாசி, பங்குனியில் 3 அடிக்கு ஒன்றாக, 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் குழி எடுத்து, தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்ப வேண்டும். முக்கால் முதல் ஒரு கிலோ எடையுள்ள, முளைக்குருத்துப் பகுதி சேர்ந்த துண்டுகளைச் சாணிக் கரைசலில் நனைத்து, நிழலில் உலர்த்தி நட வேண்டும். 8, 9 மாதத்தில் தோண்டலாம்.

மிளகும் ஜாதிக்காயும்

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும், தூரிலிருந்து 3 அடி தள்ளி, வடகிழக்குப் பக்கம் வேர்விட்ட மிளகுக் கொடியை நடலாம். இதற்கு மட்டும் வேர் வட்டத்துக்குள் சிறு குழி போதும். கரிமுண்டா ரகம் நிழலைத் தாங்கும். பன்னியூர் 1 அடர்ந்த நிழலில் சரியாகக் காய்க்காது.

ஜாதிக்காயை நான்கு தென்னைகளுக்கு நடுவில் வைக்க வேண்டும். விதைக்கன்றில் ஆண் மரமும் வரும். பூத்த பிறகே அது தெரியும். பல ஆண்டு உழைப்பு வீணாகாமலிருக்கப் பெண் மரத்து ஒட்டுக்கன்றே நல்லது. கோடையில் தண்ணீர் இல்லாத விளைக்கு ஜாதிக்காய் வேண்டாம்.

தென்னையை மறக்கலாகாது

ஊடுபயிருக்குத் தனியே உரமிட வேண்டும். இல்லையேல் தென்னையின் காய்ப்பு குறைந்து, ஒரு கையில் வந்த பணம் மறு கையில் போய்விடும். காய்க்கும் மரம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரம், 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ் ஆகியவற்றை ஆனி-ஆடியிலும் மார்கழி-தையிலும் பாதி பாதியாக இட வேண்டும். கோடையில் வட்டப்பாத்தியில் கதம்பையைக் குவிந்த பக்கம் மேலாக அடுக்கினால் ஈரம் நிற்கும்.

எல்லாப் பயிரையும் ஒரே ஆண்டில் வைக்க வேண்டியதில்லை. வரும் மாசியில் நான்கு குழி சேனையில் தொடங்கிப் பார்க்கலாம்.