வாங்குபவர் பக்கம் நிற்பவர்

வீட்டுத் தரகர் யாருக்காகப் பேசுகிறார் என்பதே வீடு வாங்குபவர் முதலில் அறிய வேண்டியது. இலங்கை மலையகத்தின் அட்டனிலும் நுவரெலியாவிலும் புரோக்கர் ஒருவர் வீட்டைக் காட்டி, விலை பேசி, உறுதி எழுதி முடிந்ததும் கொமிஷன் வாங்குகிறார். அது வழமையாக விலையில் 2 அல்லது 3 வீதம். பெரும்பாலும் விற்பவர் கொடுப்பார். சில வேளைகளில் இரு தரப்பும் கொடுப்பதுண்டு. விலை ஏறினால் கொமிஷனும் ஏறும்; பேச்சு முறிந்தால் ஒன்றும் கிடைக்காது. ஆகவே அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், “இந்தக் காணியில் சிக்கல் இருக்கிறது, விட்டுவிடுங்கள்” என்று சொல்வது அவருடைய பிழைப்புக்கு எதிராகவே போகும்.

வாங்குபவருக்காக மட்டும் வேலை செய்யும் தரகர் வேறு வகை. அக்கம்பக்கத்தில் என்ன விலைக்குக் கைமாறியது என்று விசாரிப்பதும், குறைகளைத் தேடிச் சொல்வதும், விலையைக் குறைத்துப் பேசுவதும் அவருடைய வேலை. வாங்குபவரிடம் உச்சமாக எவ்வளவு பணம் உண்டு என்பதை அவர் மறுதரப்பிடம் சொல்லக் கூடாது. அமெரிக்காவில் நெடுங்காலம், வாங்குபவரைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகக் காட்டிய முகவரும் சட்டப்படி விற்பவரின் ஆளாகவே இருந்தார். வாங்கியவர்களில் பெரும்பாலோர் அவரைத் தங்கள் ஆள் என்று நம்பியிருந்ததை, 1983 இல் வெளியான கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழுவின் அறிக்கை வெளிப்படுத்தியது. வாங்குபவர் முகவர் என்ற தனிமுறை அதற்குப் பிறகுதான் அங்கே பரவியது. 2024 ஆகஸ்ட் 17 முதல், தேசிய முகவர் சங்கம் வழக்கொன்றில் செய்துகொண்ட இணக்கத்தின்படி, வீட்டைக் காட்டுவதற்கு முன்பே முகவர் வாங்குபவருடன் எழுத்தில் ஒப்பந்தம் செய்ய வேண்டும். கட்டணம் எவ்வளவு என்பதும் அதில் இருக்க வேண்டும். இந்தியாவில் 2016 ஆம் ஆண்டு வீட்டுமனைச் சட்டம் தரகர்களைப் பதிவு செய்ய வைத்தது. இலங்கையில் காணித் தரகுக்கு அப்படியொரு கட்டாய உரிமமுறை வேரூன்றவில்லை. யாரும் புரோக்கர் ஆகலாம் என்பதே நடைமுறை.

வாங்குபவருக்கென ஒருவர் இல்லாத அந்த வெற்றிடத்தை இலங்கையில் நிரப்பக்கூடியவர், உறுதி எழுதும் சட்டத்தரணியான நொத்தாரிசு. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு ஒருவரினதும் குறைந்தது இரண்டு சாட்சிகளினதும் முன்னிலையில் ஒப்பமிடப்பட வேண்டும். இல்லாவிட்டால் அது சட்டத்தில் செல்லாது. நொத்தாரிசின் கட்டணத்தையும் முத்திரைத் தீர்வையையும் கொடுப்பது வழமையாக வாங்குபவர். காசு கொடுப்பவரே ஆளைத் தெரிவு செய்யலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. புரோக்கர் கூட்டிவரும் சட்டத்தரணியிடமே போய்க் கையெழுத்து வைக்கிறார்கள். அந்தச் சட்டத்தரணி நேர்மையாக வேலை செய்யலாம். ஆனால் அடுத்த உறுதியையும் அவரிடம் கொண்டுவரப் போகிறவர் புரோக்கரே. மலையகத்தில் வாங்குபவர் தன் பக்கம் ஒருவரை வைத்துக்கொள்ள விரும்பினால், வீட்டைப் பார்க்கும் முன்பே நொத்தாரிசைத் தேடிக்கொள்வது நல்லது.

அவருடைய வேலையின் கனம் காணிப் பதிவகத்தில்தான் இருக்கிறது. 1927 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்க ஆவணப் பதிவுச் சட்டம் பதிவு செய்வது உறுதிகளையே. காணி இன்னாருடையது என்று அச்சட்டத்தின் கீழ்ப் பதிவகம் உத்தரவாதம் தருவதில்லை. ஆகவே உறுதி பதிவாகியிருப்பதை மட்டும் வைத்து உரித்தை நம்ப முடியாது. குறைந்தது 30 ஆண்டுக்காலப் பதிவுகளைப் புரட்டி, யாரிடமிருந்து யாருக்குப் போனது, அடகு இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா, இறந்துபோன உரிமையாளரின் பிள்ளைகள் எல்லோரும் ஒப்பமிட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பதிவேட்டைத் தேடிப் பார்ப்பது நொத்தாரிசின் கடமை. தேட வேண்டாம் என்று தரப்பினர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே அவர் அதை விடலாம். சில ஆயிரம் ரூபாவையும் சில நாட்களையும் மிச்சம் பிடிக்க அப்படி எழுதிக் கொடுப்பது, வாங்குபவர் தனக்கிருக்கும் ஒரே காவலைத் தானே அனுப்பிவிடுவதாகும்.

மொழியும் இங்கே ஒரு பிரச்சினை. நொத்தாரிசுகளுக்கு உரிமம் மொழிவாரியாகவே வழங்கப்படுகிறது. மலையகத்தின் பழைய உறுதிகள் பல ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் உள்ளன. தமிழ் மட்டும் வாசிப்பவர், தமிழில் உறுதி எழுத உரிமம் பெற்றவரையோ, ஒவ்வொரு பந்தியையும் விளக்கிச் சொல்பவரையோ தேடுவது அவசியம்.

தேயிலை மலைகளில் எந்தக் காணியைத்தான் வாங்க முடியும் என்பது தனிக்கேள்வி. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் பெருந்தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. 1992 இல் 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் அமைக்கப்பட்டு, பின்னர் தோட்டங்கள் நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டன. நிலம் அரசினுடையது, கம்பனி குத்தகைக்காரர், லயத்தில் தலைமுறைகளாக வாழும் குடும்பத்துக்கோ உறுதி கிடையாது. எனவே “லயக் காம்பராவைத் தருகிறேன்” என்று முத்திரைத்தாளில் எழுதி ஒப்பம் வாங்கும் கைமாற்றத்தால் வாங்குபவருக்கு உரிமை எதுவும் சேராது. தோட்டத்தில் பிறந்து, கொழும்பிலோ வெளிநாட்டிலோ உழைத்து அனுப்பிய பணம் இப்படிப் போவதுதான் இந்த விடயத்தில் மிகக் கசப்பானது. வீடமைப்புத் திட்டங்களில் 7 பேர்ச் காணியோடு வீடு பெற்றவர் விற்க முன்வந்தாலும், கையில் இருப்பது உறுதியா, வெறும் கடிதமா, விற்கத் தடை உண்டா என்று பார்த்த பிறகே பேச வேண்டும்.

1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திர, அளிப்புக் காணிகளைப் பிரதேச செயலாளரின் முன்சம்மதம் இன்றிக் கைமாற்றினால் அது செல்லாது. சந்தையில் தடையின்றி வாங்கக்கூடியது தனியார் உறுதிக் காணி. அட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களிலும் அவற்றின் ஓரங்களிலும் அது குறைவு. விலை உயர்ந்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

காகிதம் சரியாக இருந்தாலும் மண் சரியாக இருக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் நுவரெலியா உட்பட மலை மாவட்டங்களில் பெருஞ்சரிவுகளைக் கொண்டுவந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வரைபடங்களை வைத்திருக்கிறது. அபாய மாவட்டங்களில் கட்டடம் கட்ட அதன் சிபாரிசு வேண்டும். சரிவை வெட்டிச் சமப்படுத்திய துண்டு, பின்சுவரில் கசிவு, சாய்ந்த மரங்கள் ஆகியவை இருந்தால், அந்தச் சிபாரிசு கைக்கு வரும்வரை முற்பணம் கொடுக்காதிருப்பதே பத்திரம். வாங்குபவருக்காக உழைக்கும் ஒருவர் முதலில் காட்ட வேண்டியவை இவைதான்.

செலவையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். முத்திரைத் தீர்வை முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 50 இலட்சம் ரூபா வீட்டுக்கு அது 1,99,000 ரூபா. நொத்தாரிசு கட்டணமும் நில அளவையாளரின் கூலியும் தனி. எல்லைக்கற்களைப் பிளானோடு ஒப்பிட்டுப் பார்க்கும் நில அளவையாளரை வாங்குபவர் தாமே அமர்த்துவது நல்லது. ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி, சிறு துண்டில் அரைப் பேர்ச் குறைந்தாலும் வழி அடைபடலாம். வங்கிக் கடன் எடுப்பவருக்கு வங்கியின் சட்டத்தரணியும் உரித்தைப் பார்ப்பார். அது வங்கியின் நலனுக்கானதுதான், ஆனாலும் இரண்டாவது கண் ஒன்று கிடைக்கிறது.

புரோக்கரையே தன் ஆளாக்க விரும்புபவர் அதை எழுத்தில் செய்யலாம்: கட்டணம் விலையின் வீதமாக இல்லாமல் ஒரே தொகையாக இருக்கும், விற்பவரிடமிருந்து எதையும் வாங்கமாட்டார், வாங்கினால் அறிவிப்பார். முற்பணத்தைப் புரோக்கர் கையில் கொடுக்காமல், விற்பனை உடன்படிக்கையின் பேரில் நொத்தாரிசு மூலம் கொடுக்க வேண்டும். உரித்தில் குறை கண்டால் பணம் திரும்பும் என்ற வாசகமும் அதில் வேண்டும்.

உறுதி ஒப்பமிட்ட பின்னரும் வேலை மீதி உண்டு. ஒரே காணியை இருவருக்கு விற்றிருந்தால், மோசடி எதுவும் இல்லாதவிடத்து, முதலில் பதிந்தவருக்கே முன்னுரிமை. ஆகவே நொத்தாரிசு உறுதியை உடனே பதிவகத்துக்கு அனுப்பினாரா என்று வாங்குபவர் கேட்டு, பதிவு இலக்கத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும். பிறகு நகர சபையின் அல்லது பிரதேச சபையின் வரி இடாப்பில் பெயரை மாற்றி, மின்சாரக் கணக்கையும் தண்ணீர்க் கணக்கையும் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளலாம்.