படம் போட்டது யார்?

சாகித்திய அகாதெமியின் 2023ஆம் ஆண்டு பால சாகித்திய புரஸ்கார் ‘ஆதனின் பொம்மை’க்குக் கிடைத்தபோது தூத்துக்குடி மாவட்டப் பள்ளிகளுக்கு ஒரு வசதி உண்டாயிற்று. எழுதிய உதயசங்கர் கோவில்பட்டிக்காரர், ரயில் நிலைய அதிகாரியாக வேலை பார்த்தவர். ‘எழுத்தாளரை அறிவோம்’ என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னால் பிள்ளைகளுக்குத் தகவல் பஞ்சமே இல்லை. அதே பிள்ளைகளிடம் அறுபது வருடம் பழைய சிறுவர் நூல் ஒன்றை நீட்டி, எழுதியவர் யார், படம் போட்டவர் யார் என்று கேட்டால்தான் தலைசுற்றும். அப்போது நூலகத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லை.

அங்கே போனால் முதலில் மறிப்பது புனைபெயர். வாண்டுமாமா என்று தேடினால் சிறுவர் நூல்கள் வரும்; கௌசிகன் என்று தேடினால் பெரியவர்களுக்கான கதைகள் வரும். இரண்டும் புதுக்கோட்டைச் சீமை அரிமளத்தில் 1925இல் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி என்ற ஒரே ஆள்தான். பூவண்ணன் என்பவர் வே.தா. கோபாலகிருஷ்ணன். ‘ரேவதி’யை அம்மா என்று எழுதிவிடக் கூடாது, அவர் ஈ.எஸ். ஹரிஹரன். நூலகர் கவனமானவராக இருந்தால் அட்டவணையில் ஒரு பெயரிலிருந்து இன்னொன்றுக்கு ‘காண்க’ என்று வழிகாட்டியிருப்பார். இல்லாவிட்டால் ஒரே எழுத்தாளர் இரண்டு அலமாரிகளில் இரண்டு பேராக வாழ்ந்துகொண்டிருப்பார்.

இந்தச் சிக்கலை முன்னோடிகள் அறிந்தே இருந்தார்கள். அழ. வள்ளியப்பா 1950இல் முன்னின்று தொடங்கிய குழந்தை எழுத்தாளர் சங்கம், உறுப்பினர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை ‘யார் எவர்’ நூலாகவே தொகுத்தது. பூவண்ணன் குழந்தை இலக்கிய வரலாற்றை எழுதிவைத்தார். இன்னும் பின்னால் போக ஒரு சட்டம் உதவுகிறது. 1867ஆம் ஆண்டு அச்சகப் பதிவுச் சட்டப்படி, அச்சான நூல்களை அரசு பதிவுசெய்து பட்டியலிட்டது. அந்தப் பதிவுகளின் வழியே உருவான ‘தமிழ்நூல் விவர அட்டவணை’யைப் புரட்டினால், புத்தகமே கைக்கு வராத நிலையிலும் அதைப் பற்றிச் சில விவரங்கள் தெரிந்துவிடும். 1954ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபின் புதிய நூல்களின் படி ஒன்று சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்றாயிற்று.

இத்தனை ஏற்பாட்டிலும் ஓவியருக்கு இடமில்லை. அட்டவணை கேட்பது ஆசிரியர், தலைப்பு, பதிப்பாளர், ஆண்டு. படம் வரைந்தவர் பெயர் நூலின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. விருதுகளும் அதே வழிதான்: 2010இல் மா. கமலவேலனின் ‘அந்தோணியின் ஆட்டுக்குட்டி’யில் தொடங்கி, தமிழில் பால சாகித்திய புரஸ்கார் பெற்றவர்கள் எல்லோரும் எழுத்துக்காகவே பெற்றார்கள். உலக அளவில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது 1966 முதல் ஓவியருக்குத் தனியாகவே தரப்படுகிறது. குழந்தை முதலில் பார்ப்பது படத்தைத்தான் என்பது நம் ஊர் அம்மாக்களுக்கும் தெரியும். அட்டவணை போட்டவர்களுக்குத்தான் தோன்றவில்லை.

ஆகவே ஓவியரைத் தேடுகிறவர் புத்தகத்தை விட்டுவிட்டுப் பழைய இதழ்த் தொகுதிகளைப் பிடிக்க வேண்டும். பூஞ்சோலை, கண்ணன், கோகுலம், பூந்தளிர் என்று பைண்டு செய்த தொகுதிகளில் படத்தின் மூலையில் கையெழுத்து கிடக்கும். 1947இல் பிறந்த அம்புலிமாமாவில் நிலைமை தலைகீழ். விக்கிரமாதித்தன் வாளோடு வேதாளத்தைத் தோளில் சுமந்து நடக்கும் அந்தப் படத்தை வரைந்தவர் சங்கர் என்பது கையெழுத்தாலேயே தமிழ்நாட்டுக்குத் தெரியும். ஈரோட்டுப் பக்கத்தில் 1924இல் பிறந்த கே.சி. சிவசங்கரன் அவர், 2020இல் மறைந்தார், மறு ஆண்டு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. கதையை எழுதியவரோ பெரும்பாலும் பெயரில்லாதவர். பல ஆண்டுகள் அந்த இதழைக் கட்டிக் காத்த தெலுங்கு எழுத்தாளர் கொடவடிகண்டி குடும்பராவின் பெயரைக்கூட வாசகர்கள் அறியவில்லை.

நூலகத்துக்குள் துப்பறிவது தூத்துக்குடிக்குப் புதிதும் அல்ல. இங்கே தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவி, 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ ஆங்கில இதழைத் தொடங்கிய தனிநாயகம் அடிகள், 1954இல் வத்திக்கான் நூலகத்தில் 1679ஆம் ஆண்டின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியைக் கண்டெடுத்தார். தொகுத்த பாதிரியார் புரோயென்சாவின் பெயரோடு அது 1966இல் கோலாலம்பூரிலிருந்து மறுபதிப்பாக வந்தது. குழந்தைப் பாடலிலும் இந்த மண்ணுக்குச் சான்று உண்டு. எட்டயபுரத்துக்காரரான பாரதியின் ‘பாப்பா பாட்டு’ 1915இல் ‘ஞானபாநு’ இதழில் வெளிவந்து, பிறகு பரலி சு. நெல்லையப்பர் வழியாகச் சிறு நூலானது. இது இன்று நமக்குத் தெரிவதற்கு, பழைய இதழ்களை வரிவரியாகத் தேடிப் பாரதி எழுத்துகளைக் காலவரிசைப்படுத்திய சீனி. விசுவநாதன் போன்றவர்களின் உழைப்பே காரணம். சிறுவர் ஓவியர்களுக்கு இப்படி ஒருவர் இன்னும் வாய்க்கவில்லை.

வாய்த்தால் அவர் கோவில்பட்டியிலிருந்தே தொடங்கலாம். நாடகத் திரைச்சீலை எழுத வந்து அந்த ஊரிலேயே தங்கிவிட்டவர் சி. கொண்டைய ராஜு. 1976இல் மறைந்த அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசி நாட்காட்டிகளில் ஏறித் தமிழ்நாட்டுச் சுவர்களையெல்லாம் நிறைத்தன. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தை பார்த்து வளர்ந்த முதல் ஓவியங்கள் அவைதான் என்று சொன்னால் மிகையாகாது. ஆனால் நாட்காட்டியை நூலகத்தில் யார் சேர்த்துவைக்கிறார்கள்? மார்கழி நடுவில் ஆணியிலிருந்து இறங்கினால், பாடப்புத்தகத்துக்கு அட்டை போடத்தான் போகும். அவரைப் பற்றி விரிவாக ஆராய்ந்தவர் கனடாவிலிருந்து வந்த மானுடவியலாளர் ஸ்டீபன் இங்கிலிஸ்.

இத்தகைய துண்டுத் தாள்களையும் பொருட்படுத்தியவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. நூல்களோடு நோட்டீசையும் அழைப்பிதழையும் விடாமல் சேர்த்த அவர் தொழிலால் ஓவியர், விளம்பரப் பலகை எழுதியவர். அவர் சேகரிப்பு 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. ஒரு நூலுக்காகத் தூத்துக்குடியிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணப்பட வேண்டிய கட்டாயமும் இப்போது குறைந்திருக்கிறது: தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் பல பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கப்பட்டுள்ளன. அவற்றில் தலைப்புப் பக்கத்தோடு நிற்காமல் அதன் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். அச்சகத்தின் பெயர், பிளாக் செய்தவர் பெயர், சில சமயம் ‘சித்திரம்’ என்று தொடங்கும் ஒரு வரி அங்கேதான் இருக்கும்.

புதிய நூல்களில் இந்தப் பாடு இல்லை. பிரதம் புக்ஸ் எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் மூவரையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. 2024இல் ‘தன்வியின் பிறந்தநாள்’ நூலுக்காகப் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற யூமா வாசுகி ஓவியரும்கூட. நூலகக் கணினியில் அவர் பெயரைத் தட்டினால் அவருடைய கதைகளும் கவிதைகளும் மொழிபெயர்ப்புகளும் வரும். அவர் அட்டை வரைந்த நூல்கள் வர வேண்டுமானால், புத்தகத்தைப் பதிவுசெய்கிற நூலகர் இன்னொரு வரி கூடுதலாகத் தட்டச்சு செய்ய வேண்டும்.