‘தூங்கி எழுந்தா சரியாயிடும்’ என்று சொன்னவருக்கு

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் படுக்கைகள் நிரம்பின. இறந்தவர்களோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரே தெருவில் விளையாடி வளர்ந்தவர்கள் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள். “வயிறு வலிக்குதுடான்னான். தூங்கி எழுந்தா சரியாயிடும்னு சொல்லிட்டு வந்துட்டேன்.” இந்த ஒரு நினைப்பு போதும், ஒரு மனிதனின் தூக்கத்தைப் பல வருடம் பறிக்க. அப்படித் தவிக்கும் ஒருவருக்காகவே இதை எழுதுகிறேன்.

அந்த இரவு உடலுக்குள் நடந்தது

சாராயத்தில் கலந்திருந்த மெத்தனால், குடித்த உடனே தன் வேலையைக் காட்டாது. கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. பார்வையையும் உயிரையும் பறிப்பது அந்த அமிலம். அது உடலில் சேர்வதற்குப் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். கூடவே சாதாரண சாராயமான எத்தனாலும் இருந்தால், கல்லீரல் அதைத்தான் முதலில் கவனிக்கும். விஷத்தின் அறிகுறி இன்னும் தள்ளிப்போகும்.

அதுவரை தெரிவதெல்லாம் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம். குடிக்கிறவரிடம் வீட்டார் பார்த்துப் பழகியவைதான். கண் பனிமூட்டம் போல மங்குவதும் மூச்சு இரைப்பதும் பிறகுதான் வரும். அந்த நிலையிலும் ஃபோமெபிசோல் மருந்து, டயாலிசிஸ் என்று சிகிச்சை உண்டு. ஆனால், நோய் இன்னதென்று தெரிந்தால்தானே கொடுக்க முடியும்?

அன்று நீங்கள் பார்த்தது குடிமயக்கத்தை. மெத்தனால் என்ற பெயரே உங்கள் தெருவுக்குப் பிறகுதான் வந்தது. பிறகு தெரிந்துகொண்டதை வைத்து, தெரியாதிருந்த அந்த மனிதனைத் தினமும் கூண்டில் ஏற்றுகிறீர்கள்.

மலைமேல் இன்னொரு பாரம்

இதே குற்ற உணர்வு சாராயத்தோடு நிற்பதில்லை. இதே மாவட்டத்தின் கல்வராயன் மலைக்கிராமங்களில் பாம்புக்கடிக்கும் பிரசவத்துக்கும் ஆளை இழந்தவர்களுக்கு, “தோளில் தூக்கிக்கொண்டாவது இறங்கியிருக்கலாமே” என்ற வேதனை. சாலையும் வண்டியும் இல்லாதது ஒரு தனி மனிதனின் குற்றமல்ல. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து இந்த மலை மக்களின் அடிப்படை வசதிகள் பற்றி வழக்கெடுத்தது.

மன்னிப்பு எங்கே தொடங்கும்?

எல்லாவற்றையும் துடைத்துப் போடுவதல்ல மன்னிப்பு. தெரியாமல் நடந்ததையும் தெரிந்து செய்ததையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பாக்கெட்டை வாங்கிக் கொடுத்ததே நீங்களாக இருந்தால், அந்த வருத்தம் நியாயமானது. அதை மறைத்துவைத்து மறுபடி குடியில் கரைக்காமல், மனநல ஆலோசகரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். 14416, டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண். எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் ஆலோசனை உண்டு. ஆறு மாதம் கடந்தும் வேலை, சாப்பாடு எதிலும் மனம் ஒட்டாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். “நானும் போயிடலாம்” என்ற நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். அப்படிச் சொல்பவரை வீட்டார் தனியே விடவும் கூடாது.

இன்னொன்று. காரியம் முடிந்ததிலிருந்து இறந்துபோன நண்பன் வீட்டுத் தெருவையே சுற்றிக்கொண்டு போகிறீர்கள் அல்லவா? ஒரு நாள் நேராகப் போங்கள். அவன் அம்மாவுக்குத் தன் பிள்ளையின் சின்ன வயதுக் கதைகளைப் பேச ஆள் வேண்டும். அவற்றில் பாதி உங்களிடம்தான் இருக்கிறது.