பாடம் தேடும்போது பூட்டு விழுகிறதா? பிள்ளைகளின் போனில் பெற்றோர் கட்டுப்பாட்டைச் சரிசெய்வது எப்படி

எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘வளரிளம் பருவமடைதல்’ என்று ஒரு பாடம் உண்டு. பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கம் பற்றி ஒரு பாடம். அதே புத்தகத்தில் உடல்நலமும் நோய்களும் பற்றிய பாடத்தில் மது, புகையிலை, போதைப் பொருள் எல்லாம் வரும். மூன்றும் நம் அரசுப் பாடநூலில் உள்ளவை. பரீட்சைக்கும் வரும். ஆனால் ‘பெற்றோர் கட்டுப்பாடு’ போட்ட போனில் இவற்றைத் தேடிப் பாருங்கள். சில பக்கங்கள் திறக்கும். சில பக்கங்கள் ‘பெற்றோரிடம் அனுமதி கேளுங்கள்’ என்று நின்றுவிடும்.

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்தில் இதோடு இன்னொரு சிரமமும் சேர்ந்துகொள்கிறது. அனுமதி கேட்கும் செய்தி போவது அப்பா அல்லது அம்மாவின் போனுக்கு. அவர்கள் பனியன் கம்பெனியில் ஷிஃப்டில் இருப்பார்கள். சோமனூர் பக்கம் தறிக்குடோனில் வேலை என்றால் தறிச் சத்தத்தில் போன் அடித்தாலே கேட்காது, நோட்டிஃபிகேஷன் எங்கே கேட்கப் போகிறது? ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால், பிள்ளை நோட்டை மூடி வைத்துவிட்டுத் தூங்கியிருக்கும்.

இதனால் வெறுத்துப்போய் மொத்தக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிடுகிற பெற்றோர் இருக்கிறார்கள். அது வேண்டாங்க. பூட்டு இருக்கட்டும். எந்த அளவுக்குப் பூட்டுவது, சாவி யார் கையில் இருப்பது என்ற இரண்டை மட்டும் மாற்றினால் போதும்.

ஏன் பாடத்தையும் சேர்த்துத் தடுக்கிறது?

வடிகட்டிக்குப் பாடம் தெரியாது. சொல்லையும், படத்தையும், தளத்தின் வகையையும் பார்த்து அது ஒரு கணக்குப் போடுகிறது. 1996-இல் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம், இங்கிலாந்தில் ஸ்கந்தோர்ப் என்ற ஊர்க்காரர்களைக் கணக்கே தொடங்க விடவில்லை. ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவில் ஒரு கெட்ட வார்த்தை ஒளிந்திருந்தது. வடிகட்டி அதைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். இன்றைய வடிகட்டிகள் அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனாலும் மாதவிடாய், தாய்ப்பால், மார்பகப் புற்றுநோய், எய்ட்ஸ் என்று தேடும்போது அவை தடுமாறலாம். தன் வடிகட்டி நூற்றுக்கு நூறு சரியாக இருக்காது என்று கூகுளே சொல்லித்தான் கொடுக்கிறது.

இன்னொரு காரணம், ஒரு வலைப்பக்கம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. எழுத்து ஓரிடம், படம் ஓரிடம், வீடியோ யூடியூப்பிலிருந்து. பக்கத்துக்கு அனுமதி கொடுத்திருப்பீர்கள், வீடியோ இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறும் கட்டமாக நிற்கும். 2018 முதல் வந்த நம் பாடநூல்களில் உள்ள க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து தீக்‌ஷா தளத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கும் சில நேரம் இப்படி ஆவதுண்டு.

முதலில், தடுத்தது யார்?

‘தொறக்க மாட்டேங்குதுங்க’ என்று பிள்ளை சொன்னவுடன் செட்டிங்கில் கை வைக்காதீர்கள். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். ‘அனுமதி கேளுங்கள்’ என்ற பொத்தான் இருந்தால் அது பெற்றோர் கட்டுப்பாடு. பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் போனில் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா பாருங்கள். தேதி தப்பாக இருந்தால் நல்ல தளம்கூடத் திறக்காது. வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தால் தளத்தில் கூட்டம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் நாளில் தேர்வுத் துறை தளத்தில் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

அடுத்து, வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். டேட்டாவில் திறந்தால், தடை வீட்டு வைஃபை பெட்டியில் இருக்கிறது. இரண்டிலும் திறக்காமல், அதே பக்கம் உங்கள் போனில் மட்டும் திறந்தால், தடை பிள்ளையின் கணக்கிலோ அந்தப் போனிலோ இருக்கிறது. யார் போனிலும் திறக்காமல், அரசு உத்தரவின்படி முடக்கப்பட்டது என்று வந்தால் அதை வீட்டில் மாற்ற முடியாது. மாற்ற முயலவும் வேண்டாம்.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று ‘பிரைவேட் டிஎன்எஸ்’. ஆண்ட்ராய்டு 9 முதல் நெட்வொர்க் செட்டிங்கில் இருக்கிறது. கிளவுட்ஃபிளேர் போன்ற நிறுவனங்கள் ஆபாசத் தளங்களைத் தவிர்க்கும் டிஎன்எஸ் வசதியை இலவசமாகத் தருகின்றன. அந்தப் பெயரை அங்கே எழுதிவிட்டால் போன் முழுக்க வடிகட்டல் வந்துவிடும். நல்ல வசதிதான். ஆனால் பெயரில் ஓர் எழுத்து தப்பினாலும் ஒரு தளமும் திறக்காது. நெட் கார்டு போட்டும் நெட் வரவில்லை என்று கடை கடையாக அலைவதற்கு முன் இதை ஒருமுறை பாருங்கள்.

கூகுள் ஃபேமிலி லிங்கில் என்ன மாற்றலாம்?

ஆண்ட்ராய்டு போனில் பெரும்பாலும் பயன்படுவது ஃபேமிலி லிங்க் செயலி. உங்கள் போனில் அதைத் திறந்து, பிள்ளையின் பெயரைத் தொட்டு, கட்டுப்பாடுகள் பகுதியில் குரோமுக்குப் போனால் மூன்று நிலைகள் இருக்கும். எல்லாத் தளத்தையும் விடுவது முதலாவது. ஆபாசத் தளங்களை முடிந்தவரை தடுப்பது இரண்டாவது. நீங்கள் அனுமதித்த தளங்களை மட்டும் விடுவது மூன்றாவது.

பயத்தில் பலர் மூன்றாவதைப் போட்டுவிடுகிறார்கள். இரண்டாம் வகுப்புப் பாப்பாவுக்கு அது சரி. ஏழாம் வகுப்புத் தம்பிக்குச் சரிவராது. சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் அகழாய்வு பற்றி அவனுக்கு ஒரு புராஜெக்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொல்லியல் துறையின் தளம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம், தமிழ் விக்கிப்பீடியா, இரண்டு செய்தித்தாள்கள். ஒவ்வொன்றும் அவன் போனுக்குப் புதுத் தளம். ஐந்து தளத்துக்கு ஐந்து தடவை அனுமதி கேட்க வேண்டும். மூன்றாவது தடவையிலேயே அவன் பக்கத்து வீட்டு அண்ணன் போனை வாங்கிக்கொண்டு போய்விடுவான். அந்தப் போனில் எந்தப் பூட்டும் இருக்காது.

ஆறாம் வகுப்பிலிருந்து இரண்டாவது நிலை போதும் என்பது எங்கள் கருத்து. அதோடு பாடத்துக்கு வேண்டிய தளங்களை முன்கூட்டியே ‘அனுமதித்த தளங்கள்’ பட்டியலில் சேர்த்துவிடுங்கள்: தீக்‌ஷா, பாடநூல் கழகத்தின் தளம், தமிழ் இணையக் கல்விக்கழகம், விக்கிப்பீடியா. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு உட்கார்ந்தால் கால் மணி நேர வேலை. இப்படிப் பட்டியலில் சேர்த்த தளத்துக்கு அடுத்த முறை அனுமதி கேட்க வேண்டியதில்லை.

நேரக் கட்டுப்பாட்டையும் பாருங்கள். தினம் ஒரு மணி நேரம் என்று வைத்திருந்தால், கணக்கில் பாதி போட்டுக்கொண்டிருக்கும்போதே போன் பூட்டிக்கொள்ளும். பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி, தீக்‌ஷா போன்ற செயலிகளை ‘எப்போதும் அனுமதி’ என்று வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. அவசரத்துக்குக் கூடுதல் நேரம் கொடுக்கவும் அதே செயலியில் வழி இருக்கிறது.

யூடியூப் தனிக் கணக்கு. 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு நீங்கள் கண்காணிக்கும் யூடியூப்பைத் திறந்துவிட்டால் அதிலும் மூன்று நிலைகள் உண்டு. கீழ் நிலையில் வைத்தால் பாட வீடியோக்கள் சிலவும் தேடலில் வராமல் போகலாம். கல்வித் தொலைக்காட்சி வீடியோவை வகுப்புக் குரூப்பில் ஆசிரியர் அனுப்பியும் திறக்கவில்லை என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

ஐபோனில் ‘ஸ்கிரீன் டைம்’ பகுதியில் ஏறக்குறைய இதே மூன்று நிலைகள் இருக்கின்றன.

சாவி யாரிடம்?

ஃபேமிலி லிங்கில் அப்பா, அம்மா இருவருமே பெற்றோராகச் சேரலாம். பல வீடுகளில் அப்பாவின் மெயில் மட்டும்தான் இருக்கிறது. சாயங்காலம் வீட்டில் இருப்பவர் யாரோ அவர் கையிலும் சாவி இருக்க வேண்டும். ‘நேரில் கேட்பது’ என்று ஒரு வழியும் உண்டு: பெரியவர் பிள்ளையின் போனிலேயே தன் பாஸ்வேர்டைப் போட்டு அனுமதிக்கலாம். பாஸ்வேர்டைப் பிள்ளை பார்க்காமல் போடுங்கள். அதுங்களுக்குக் கண் கூர்மை.

அம்மாவும் சேர வேண்டும் என்று சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அனுமதி கேட்கும் செய்தியில் பிள்ளை திறக்கப் பார்த்த தளத்தின் முகவரியும் போகும். 13 வயதுப் பெண் பிள்ளை பருவமடைதல் பாடத்துக்காக ஒரு பக்கத்தைத் திறக்கிறாள். அந்த முகவரி அப்பா போனில், வேலை செய்யும் இடத்தில், நாலு பேர் நடுவில் போய் விழுகிறது. இது அவளுக்குத் தெரியும். அதனால் கேட்கவே மாட்டாள், பாடத்தை விட்டுவிடுவாள். இல்லையென்றால் தோழி சொன்னதை வைத்துப் புரிந்துகொள்வாள், அது சரியோ தப்போ. பையன்களுக்கும் இதே கூச்சம் உண்டு. ‘அறிவியல் பாடத்துல இப்படியெல்லாம் வரும், எனக்குத் தெரியும் கண்ணு, தடுத்துச்சுன்னா கூச்சப்படாம கேளு’ என்று ஒருமுறை சொல்லி வையுங்கள். சந்தேகமாக ஒரு முகவரி வந்தாலும், திட்டுவதற்கு முன் புத்தகத்தை எடுத்து வரச் சொல்லிப் பாருங்கள்.

கடையில் போட்டுத் தரும் பூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘குழந்தைக்குங்களா? நானே லாக் போட்டுத் தர்றேனுங்க’ என்று போன் கடையில் தங்கள் மெயிலையே பெற்றோர் கணக்காகப் போட்டுத் தருவது உண்டு. உதவி என்று நினைத்துத்தான் செய்வார்கள். ஆனால் ஃபேமிலி லிங்கில் பெற்றோர் கணக்கு யாருடையதோ அவருக்குப் பிள்ளையின் போன் இருக்கும் இடத்தைப் பார்க்கும் வசதியும் கிடைக்கிறது. பிள்ளையின் போன் செட்டிங்கில் பெற்றோர் கட்டுப்பாட்டைத் திறந்து, யார் மெயில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். தெரியாத மெயில் இருந்தால் அந்தக் கடைக்கே போய் உங்கள் கண் முன்னால் நீக்கச் சொல்லி, உங்கள் கணக்கில் புதிதாகத் தொடங்குங்கள்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது வரை எல்லோரும் குழந்தைதான். அவர்களுடைய தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அதற்காகப் பிளஸ் டூ படிக்கும் பிள்ளையின் போனில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கான வடிகட்டியை வைத்திருப்பது சரியாகாது. பிளஸ் டூ விலங்கியலில் மனித இனப்பெருக்கமே தனிப் பாடம். ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுப் புத்தகத்துக்கு அட்டை போடும்போதே போன் செட்டிங்கையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்ல வழக்கம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புராஜெக்ட் தலைப்போடு, பார்க்க வேண்டிய இரண்டு மூன்று பக்கங்களின் முகவரியையும் முதல் நாளே வகுப்புக் குரூப்பில் போட்டுவிடுங்கள். பெற்றோர் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் அனுமதித்துவிடுவார்கள்.

பாடம், தேர்வு பற்றிய சந்தேகங்களுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணில் பேசலாம். இணையத்தில் பிள்ளையை யாராவது மிரட்டினாலோ, தொந்தரவு செய்தாலோ குழந்தைகள் உதவி எண் 1098. பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930.