விடுவிப்பதும் கைவிடுவதும்



தலைமையாசிரியராக இருந்த காலத்தில் நான் செய்த பிழையொன்றை இன்று உங்கள்முன் ஒப்புக்கொள்கிறேன். மாணவன் ஒருவன் வாளியில் ஓர் ஆமையைக் கொண்டுவந்தான். பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் செந்நிறக் கீற்று. “வீட்டில் இனி வளர்க்க முடியாது, ஐயா. கோயில் குளத்தில் விட்டுவிடலாமா?” என்று கேட்டான். “விட்டுவிடு, தம்பி, புண்ணியம் உண்டு” என்றேன். வகுப்பே உடன்சென்று கைதட்டியது.

அது புண்ணியமன்று என்பதைப் பின்னர்ப் படித்தே அறிந்தேன்.

அது செங்காது ஆமை. மிசிசிப்பி ஆற்றுப் படுகை அதன் தாயகங்களுள் ஒன்று. கடையில் வாங்கும்போது உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு, சில ஆண்டுகளில் உணவுத் தட்டளவு ஆகிவிடும். 30 ஆண்டுகள் வாழவும் கூடும். தொட்டி போதாது, நீர் நாறும், வீட்டார் சலிப்பார்கள். அப்போதுதான் குளம் நினைவுக்கு வருகிறது.

குளத்தில் விட்டால் என்ன? அது செடியும் தின்னும், சிறு மீனும் தின்னும். நம் நீர்நிலைகளுக்கே உரிய பாலாமை, கருப்பாமை ஆகியவற்றோடு இரைக்கும் வெயில்காயும் இடத்துக்கும் போட்டியிடும், நோயையும் பரப்பக்கூடும். 2018இல் குவாஹாட்டி நகரத்துக் கோயில் குளமொன்றிலும் இவ்வாமை காணப்பட்டது. எங்களைப் போன்றே யாரோ அங்கும் புண்ணியம் தேடினர் போலும்!

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? முதலில், உயிரினம் எதுவென அறிந்துகொள்ளுங்கள். நட்சத்திர ஆமை, பாலாமை போன்ற நம் நாட்டு உயிரினமாயின், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருத்தலே குற்றம். வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். நீங்களே காட்டில் விடாதீர்கள்.

அயல்நாட்டு உயிரினமாயின், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். இடமும் அறிவும் பொறுமையும் உடையவரைத் தேடி, அதன் வயது, உணவு, நோய் ஆகியவற்றை எழுதிக் கொடுத்து ஒப்படையுங்கள். உயிரியல் பூங்காவையோ மீட்பு மையத்தையோ நாடினால், இடமுண்டா என்று முன்னரே கேளுங்கள். எல்லாவற்றையும் ஏற்க அவர்களால் இயலாது. பச்சை இகுவானா, பந்து மலைப்பாம்பு போன்றவற்றுக்கு 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அரசுப் பதிவு வேண்டும். கைமாறும்போதும் தெரிவித்தல் வேண்டும். தக்க இடம் கிடைக்கும்வரை இரையும் நீரும் வெயிலும் தருவது உங்கள் கடமை. தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். ஆமைகளிடம் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கக்கூடும்.

வாங்குமுன் ஒரு கணக்குப் போடுங்கள். 15 வயதில் வாங்கும் ஆமைக்கு 45 வயதிலும் நீங்கள் தொட்டி கழுவ வேண்டியிருக்கலாம். இயலுமா? இயலாதெனில் கடையோடு விட்டுவிடுங்கள்.

அக்குளத்துப் படிக்கட்டில் ஆமையொன்று வெயில்காயக் கண்டால் நான் இன்றும் நின்றுவிடுகிறேன். அன்று அந்த மாணவன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. பிழை என் விடையில்தான் இருந்தது.