டெஸ்டர் எரியவில்லையா? அதை நம்பி ஏமாறாதீர்கள்!

மிக்சியைத் தொட்டால் 'சுரீர்' என்கிறது. இஸ்திரிப் பெட்டி லேசாக இழுக்கிறது. உடனே என்ன செய்கிறோம்? மேஜை டிராயரில் கிடக்கும் டெஸ்டர் ஸ்குரூ டிரைவரை எடுத்து வைத்துப் பார்க்கிறோம்.

எரியவில்லை. "ஒண்ணும் இல்லே, ஈரக் கையோட தொட்டிருப்பே!" என்று சொல்லிவிட்டு மறுபடியும் பிளக்கைச் சொருகுகிறோம்.

உயிரோடு விளையாடும் வேலை இது!

டெஸ்டருக்குள் இருப்பது ஒரு சின்ன நியான் பல்பும் ஒரு ரெசிஸ்டரும்தான். மிகச் சிறிய கரண்ட் நம் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கினால்தான் அந்த பல்பு எரியும். ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு மர ஸ்டூல் மேல் நின்றால் மங்கிப் போகும். பகல் வெளிச்சத்தில் அந்த மங்கல் கண்ணுக்கே தெரியாது.

இன்னொரு வேடிக்கை. ரெண்டு பின் பிளக்கை ஒரு பக்கமாகச் சொருகினால் எரியாது. அதையே திருப்பிச் சொருகினால் எரியும்! சாமானுக்குள் கரண்ட் எந்த இடத்தில் கசிகிறது என்பதைப் பொறுத்தது அது.

எர்த் வயர் அறுந்திருக்கிறதா என்று கேட்டால் அந்த டெஸ்டருக்குப் பதில் சொல்லவே தெரியாது.

எவ்வளவு கரண்ட் ஆளைக் கொல்லும்?

நம் வீட்டில் வருவது 230 வோல்ட். சுமார் 1 மில்லி ஆம்பியர் உடம்பில் பாய்ந்தால் 'சுரீர்' என்று தெரியும். 10 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் பிடித்த கை பிடித்தபடியே இறுகிவிடலாம். விட நினைத்தாலும் விட முடியாது! 30 மில்லி ஆம்பியருக்கு மேல் நீடித்துப் பாய்ந்தால் இதயத்துக்கே ஆபத்து.

ஈர உடம்பின் தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட் நேராகத் தாக்கினால் 230 மில்லி ஆம்பியர் பாயும். 100 வாட் குண்டு பல்பு இழுக்கும் கரண்டில் பாதிதான் இது. ஆனால் ஆளை முடிக்க இதுவே தாராளம்.

'சீரிஸ் பல்பு' போதுமா?

ரிப்பேர் கடைகளில் சீரிஸ் பல்பு தொங்கும். ஒரு முனையைப் பின்னிலும் மறு முனையைச் சாமானின் உடம்பிலும் வைப்பார்கள். பல்பு எரியாவிட்டால் "போடி ஷார்ட் இல்லே சார், எடுத்துட்டுப் போங்க!" என்பார்கள்.

முழு ஷார்ட் இருந்தால் பல்பு எரியும். சரிதான். ஆனால் உள்ளே ஈரம் ஏறி, தடை 10,000 ஓமுக்கு இறங்கியிருந்தால்? அதைத் தொடுகிற ஆள் உடம்பில் 20 மில்லி ஆம்பியருக்கு மேல் பாயும். அந்தக் கரண்டில் 100 வாட் பல்பு மினுக்கக்கூடச் செய்யாது. மனிதன் கையோ ஒட்டிக்கொள்ளும்!

"மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தேனே?" என்று கேட்கலாம். மல்டிமீட்டர் ஓம் பார்ப்பது உள்ளே இருக்கும் பேட்டரியின் சில வோல்ட்டில். சில வோல்ட்டில் தாங்கும் இன்சுலேஷன் 230 வோல்ட்டில் தாங்க வேண்டும் என்பதில்லை. அதனால்தான் 500 வோல்ட் கொடுத்துச் சோதிக்கும் மெக்கர் வேண்டும். 'மெக்கர்' என்பது 1903ல் பதிவான ஒரு வியாபாரப் பெயர். இன்று இன்சுலேஷன் டெஸ்டர் எல்லாவற்றுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

மூன்று கேள்விகள்

எந்தச் சாமானிடமும் மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

ஒன்று: பிளக்கின் பெரிய பின்னிலிருந்து சாமானின் உலோக உடம்பு வரை எர்த் வயர் அறாமல் போகிறதா?

இரண்டு: உள்ளே உள்ள இன்சுலேஷன் 500 வோல்ட்டைத் தாங்குகிறதா?

மூன்று: ஓடும்போது எத்தனை மில்லி ஆம்பியர் கசிகிறது?

இந்த மூன்றையும் ஒரே பெட்டியில் கேட்பதுதான் 'பி.ஏ.டி.' டெஸ்டர். கையில் தூக்கிப் போகும் மின்சாரச் சாமான்களைச் சோதிக்கவே செய்த கருவி. பிரிட்டனில் வேலை இடங்களில் மின்சாரப் பாதுகாப்புக்கு 1989ல் விதிகள் வந்த பிறகு இது அங்கே வெகுவாகப் பரவியது.

அங்கே பின்பற்றும் அளவு இது: எர்த் பின் உள்ள சாமானுக்கு இன்சுலேஷன் குறைந்தது 1 மெகாஓம். எர்த் இல்லாத இரட்டை இன்சுலேஷன் சாமானுக்கு 2 மெகாஓம். சில ஹீட்டர் வகைக்கு மட்டும் 0.3 மெகாஓம். எர்த் பாதையில், வயரின் சொந்தத் தடை போக, 0.1 ஓமுக்கு மேல் இருக்கக் கூடாது.

1 மெகாஓம் ஏன்? 230 வோல்ட்டில் அதன் வழியே கசிவது 0.23 மில்லி ஆம்பியர்தான். பெரும்பாலோருக்கு உறைக்கவே உறைக்காது.

யாருக்கு எது?

வீட்டுக்காரர்களே, பி.ஏ.டி. டெஸ்டர் வாங்கி அலமாரியில் பூட்ட வேண்டாம். மூன்று விளக்கு உள்ள சாக்கெட் டெஸ்டர் ஒன்று போதும். சொருகினால் எர்த் இல்லையா, பேஸும் நியூட்ரலும் மாறியிருக்கிறதா என்று காட்டும். எர்த் எவ்வளவு நல்ல எர்த் என்று மட்டும் அதற்குச் சொல்லத் தெரியாது. அதோடு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வையுங்கள். அதன் 'டெஸ்ட்' பட்டனை அவ்வப்போது அமுக்கிப் பாருங்கள்.

மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடைக்காரர்களே, மல்டிமீட்டரோடு 500 வோல்ட் மெக்கரும் மேஜை மேல் இருக்கட்டும். ஒரு நாளைக்குப் பத்து சாமான் உங்கள் கையால் வீட்டுக்குத் திரும்பிப் போகிறது. பத்து குடும்பம் உங்களை நம்பித்தான் சுவிட்சைப் போடுகிறது!

கிரைண்டர், பெடஸ்டல் பேன், சீரியல் விளக்கு வாடகைக்கு விடுகிறவர்கள், ஹாஸ்டல், ஆபீஸ் நடத்துகிறவர்கள்: உங்களுக்குத்தான் பி.ஏ.டி. டெஸ்டர். இன்று ஒரு கல்யாண வீடு, நாளை ஒரு கோயில் திருவிழா என்று சாமான் ஊர் சுற்றுகிறது. எந்த ஈரத்தில் கிடந்து வந்தது என்று யாருக்குத் தெரியும்?

வாங்கும்போது கவனியுங்கள்

ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் முதலில் பிளக் ஓட்டையைப் பாருங்கள். பிரிட்டனுக்குச் செய்த கருவியில் சதுரப் பின் ஓட்டைதான் இருக்கும். நம்முடையது உருண்டைப் பின். சின்னது 6 ஆம்ப், பெரியது 16 ஆம்ப். மலிவு அடாப்டர் போட்டுச் சமாளித்தால் அதிலேயே எர்த் சரியாகப் பதியாமல் போகலாம். அப்புறம் என்ன டெஸ்ட்!

எர்த்தை எத்தனை கரண்டில் சோதிக்கிறது என்று கேளுங்கள். பேட்டரிக் கருவிகள் பெரும்பாலும் 200 மில்லி ஆம்பியர் அனுப்பும். பல இழை அறுந்து ஒரே இழையில் தொங்கும் வயரும் அதில் பாஸாகிவிடலாம். 10 ஆம்ப், 25 ஆம்ப் அனுப்பும் கருவி அதைக் காட்டிக் கொடுக்கும். ஆனால் கம்ப்யூட்டர் போன்ற சாமானுக்கு அந்தப் பெரிய கரண்ட் கூடாது. இரண்டு அளவும் உள்ளதாக எடுப்பது நல்லது.

அளவு சரிபார்த்த சான்றிதழ் இருக்கிறதா என்றும் பாருங்கள். வருஷம் ஒரு முறை மறுபடி சரிபார்க்க இங்கே யார் இருக்கிறார்கள் என்று கடைக்காரரிடமே கேளுங்கள். தப்பாகக் காட்டும் கருவி, கருவியே இல்லாததைவிட மோசம்!

எப்படிச் சோதிப்பது?

முதல் சோதனை கண்ணால்தான். பெரும்பாலான கோளாறு பார்த்தாலே தெரியும். வெடித்த வயர், கருகிய பின், டேப் சுற்றிய ஒட்டு, பிளக்கே இல்லாமல் தீக்குச்சி வைத்துச் சொருகிய வயர். இதையெல்லாம் பார்த்தால் டெஸ்டரை எடுக்கவே வேண்டாம். சாமானைத் தள்ளி வையுங்கள்.

பிறகு எர்த். அது பெயிலானால் அதோடு நிறுத்துங்கள். பாஸானால் இன்சுலேஷன். பிளக் சுவரில் இருக்கக் கூடாது. ஆனால் சாமானின் சுவிட்ச் 'ஆன்' நிலையில் இருக்க வேண்டும். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சுவிட்ச் 'ஆப்' என்றால் மெக்கர் வயரை மட்டும் சோதித்துவிட்டு "நல்லாருக்கு" என்று சொல்லிவிடும். உள்ளே காயில் எரிந்து கிடந்தாலும் தெரியாது.

மெக்கர் முனையில் 500 வோல்ட் இருக்கும். விரல் படக் கூடாது. பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

கடைசியாகத்தான் சாமானை ஓடவிட்டுக் கசிவைப் பார்க்க வேண்டும். தேதியையும் வந்த அளவையும் ஒரு சீட்டில் எழுதிச் சாமானிலேயே ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை இன்சுலேஷன் அளவு இறங்கியிருந்தால் கெடுதல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

எல்லாம் பாஸாகியும் பயனில்லாமல் போகும் இடம் ஒன்று உண்டு. அது சுவரில் உள்ள பிளக் பாயிண்ட். மூன்றாவது ஓட்டை இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது! சாக்கெட் டெஸ்டர் அப்படிக் காட்டினால் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் வந்து சரிசெய்யும் வரை அந்த பாயிண்டில் இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம், ஹீட்டரும் வேண்டாம்.